டோவர் வழக்கு: அறிவியலுக்கு நீதிபதி தீர்ப்புச் சொல்லலாமா?

பீளமேடு பம்பு | இரவு 9:12

அக்கா பையன் பிளஸ் டூ படிக்கிறான். நேத்து ஒரு வீடியோ அனுப்பினான், பாக்டீரியாவோட வால் எப்படிச் சுத்துதுன்னு அனிமேஷன். பாத்துட்டு எனக்குத் தூக்கமே வரல. 22 வருஷமா மோட்டார் பம்புலயே கிடக்கிறவன் நான். அந்த வால்ல ரோட்டார் இருக்கு, ஸ்டேட்டர் இருக்கு, ஷாஃப்ட் இருக்கு, புஷ் இருக்கு. ஷாஃப்ட்டையும் வாலையும் சேர்க்க வளைஞ்சாப்பல ஒரு கப்ளிங் வேற. சில கடல் பாக்டீரியாவுல நிமிஷத்துக்கு 1 லட்சம் சுத்தாம். எங்க மோட்டார் ஓடுறது 2,880.

"இதை யாரோ வடிவமைச்சிருக்கணும், ஆனா அமெரிக்கக் கோர்ட்டு இதைப் பள்ளிக்கூடத்துல சொல்லக் கூடாதுன்னு தடுத்துடுச்சு"ன்னு வீடியோ முடியுது. தேடினா டோவர்னு ஒரு ஊர், பென்சில்வேனியா, 2005ன்னு வருது.

கடவுள் உண்டா இல்லையா சண்டைக்கு நான் வரல. என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. எது அறிவியல்னு சொல்ல நீதிபதி யாரு? கலிலியோவை விசாரிச்சதும் ஒரு கோர்ட்டுதானே?

நைட் ஷிப்ட் | இரவு 9:20

உயிரை யாரோ வடிவமைச்சாங்கங்கற இந்த வாதத்துக்குப் பேரு அறிவார்ந்த வடிவமைப்பு, சுருக்கமா ஐடி. நானும் ஐடிலதான் இருக்கேன். எங்க ஆபீஸ்ல ரெண்டுமே கிடையாது. இழையைப் பூட்டிட்டுப் படுங்கப்பா.

விலங்கியல் வாத்தியார் | இரவு 9:58

பூட்ட வேண்டாம். பம்பு தம்பி கேட்டது நியாயமான கேள்வி. நீதிபதியிடம் வருவதற்கு முன் வகுப்பறையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2004 அக்டோபரில் டோவர் பள்ளி வாரியம் 6க்கு 3 என்ற வாக்கில் ஒரு முடிவெடுத்தது. ஒன்பதாம் வகுப்பு உயிரியலில் பரிணாமப் பாடம் தொடங்கும் முன் நான்கு பத்தி அறிக்கை ஒன்றை வாசிக்க வேண்டும். டார்வின் சொன்னது ஒரு கோட்பாடு, அது உண்மை அல்ல, அதில் இடைவெளிகள் உண்டு, அறிவார்ந்த வடிவமைப்பு என்று இன்னொரு விளக்கம் இருக்கிறது, வேண்டுவோர் 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்' என்ற புத்தகத்தைப் பார்க்கலாம். அந்தப் புத்தகம் 60 பிரதிகள் பள்ளிக்கு நன்கொடையாக வந்தன, கொடுத்தவர் பெயர் இல்லாமல். வாரிய உறுப்பினர் ஒருவர் தம் தேவாலயத்தில் திரட்டிய பணம் அது என்பதும், காசோலை இன்னொரு உறுப்பினரின் தகப்பனார் பெயருக்குப் போனது என்பதும் பிறகு நீதிமன்றத்தில்தான் வெளியே வந்தன.

அந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். "அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல" என்ற வரியைக் கொட்டை எழுத்தில் போட்டு. 2005 ஜனவரியில் நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள், ஆசிரியர்கள் வெளியே போய் நின்றார்கள். அதன் பிறகு மாணவர்கள் அதைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாதாம்! திறந்த மனம் பற்றிப் பேசும் அறிக்கைக்கு இப்படி ஒரு நிபந்தனை.

நான் அவ்வளவு தைரியசாலி இல்லை. பணியில் இருந்தபோது ஒரு தலைமையாசிரியர், பள்ளியின் பெயர் வேண்டாம், "அந்தப் பாடத்தைப் பிள்ளைகளை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லுங்க சார்" என்றார். ஒரே பீரியடில் மேலோட்டமாக முடித்துக் கையெழுத்துப் போட்டேன். டோவர் கடிதத்தைப் படித்தது அதற்குப் பல வருடம் கழித்து.

ஜூனியர் வக்கீல் | இரவு 10:31

கேள்வியின் சட்டப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வழக்குப் போட்டது 11 பெற்றோர். விசாரணை 2005 செப்டம்பர் 26 முதல் நவம்பர் 4 வரை, ஹாரிஸ்பர்க்கில். ஜூரி கிடையாது. நீதிபதி ஜான் ஜோன்ஸ், ஜார்ஜ் புஷ் நியமித்தவர், குடியரசுக் கட்சிக்காரர். அதே வருடம் ஆகஸ்டில் "இரண்டையும் சொல்லிக் கொடுக்கலாமே" என்று புஷ்ஷே பேசியிருந்தார். ஆகவே இது நாத்திக நீதிபதியின் வேலை என்று யாரும் கிளம்ப முடியாது. தீர்ப்பு டிசம்பர் 20, 139 பக்கம்.

நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி, அரசுப் பள்ளி ஒரு மதக் கருத்தைப் பரப்புகிறதா என்பதுதான். அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அதற்குத் தடை. வாரியத் தரப்பு என்ன சொன்னது? "இது மதம் இல்லை சாமி, அறிவியல்." அப்படி ஒரு வாதத்தை மேசையில் வைத்துவிட்டால் நீதிபதி அதைத் திறந்து பார்க்காமல் எப்படித் தீர்ப்பெழுதுவார்? கள்ள நோட்டு வழக்கில் "இது நல்ல நோட்டு" என்று சொல்லிவிட்டு, நோட்டை ஆராய உங்களுக்கு என்ன அருகதை என்று கேட்க முடியாது.

இன்னொன்று. வடிவமைப்புக் கருத்து பொய் என்று ஜோன்ஸ் எழுதவே இல்லை. அது உண்மையாகக்கூட இருக்கலாம், அதைப் பற்றி நீதிமன்றத்துக்கு நிலைப்பாடு இல்லை, ஆனால் அது அறிவியல் இல்லை என்றுதான் எழுதினார். கலிலியோவை வாயை மூடச் சொன்னார்கள். இங்கே வாரியத்தின் முக்கிய சாட்சி மைக்கேல் பீஹி 2007லும் 2019லும் புத்தகம் போட்டார். யார் தடுத்தது?

'பாண்டாஸ்' புத்தகத்தின் பழைய வரைவுகளையும் நீதிமன்றம் வரவழைத்தது. 1987ல் லூசியானா வழக்கில், கடவுள்தான் உயிர்களைப் படைத்தார் என்னும் படைப்புவாதத்தைப் பள்ளியில் கற்பிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முந்தைய வரைவுகளில் பக்கத்துக்குப் பக்கம் 'படைப்பு'. பிந்தைய வரைவில் அதே வாக்கியங்கள், அந்த இடங்களில் 'அறிவார்ந்த வடிவமைப்பு'. ஒரு வரைவில் 'கிரியேஷனிஸ்ட்ஸ்' என்பதை முழுக்க அழிக்காமல் நடுவில் 'டிசைன் புரோபொனென்ட்ஸ்' என்று ஒட்டியதில் முன்னும் பின்னும் பழைய எழுத்துகள் துருத்திக்கொண்டு நின்றன. தமிழில் செய்தால் 'படைப்புவாதிகள்' என்பது 'பவடிவமைப்பு ஆதரவாளர்வாதிகள்' என்று அச்சாகும். தத்துவவாதி பார்பரா ஃபாரஸ்ட் இந்த வரைவுகளை வரிசைப்படுத்திச் சாட்சி சொன்ன பிறகு "இது மதம் இல்லை" என்பதை நம்ப ஆள் கிடைக்கவில்லை.

நைட் ஷிப்ட் | இரவு 10:36

பவடிவமைப்பு 😂 ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் பண்ணத் தெரியாதவங்கதான் பிரபஞ்சத்தோட சோர்ஸ் கோடைப் பத்திப் பேசறாங்க. நான் பூட்டச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்.

திறந்த ஜன்னல் | இரவு 11:04

சிரிக்கிறது சுலபம். நான் வடிவமைப்புப் பக்கம் சாய்வுள்ளவன், திட்டாமல் பேசினால் பேசலாம்.

ஒன்று, தீர்ப்பில் வடிவமைப்பு அறிவியலா என்று ஆராயும் பகுதியில் பெரும்பாலானவை வாதிகளின் வக்கீல்கள் எழுதிக் கொடுத்த முன்மொழிவிலிருந்து கிட்டத்தட்ட அப்படியே எடுக்கப்பட்டவை. வக்கீல் தம்பி அதைச் சொல்லாமல் விட்டார்.

இரண்டு, வாரிய உறுப்பினர்கள் சிலர் முட்டாள்தனமாக நடந்தார்கள் என்பதற்காக பீஹியின் வாதம் எப்படித் தவறாகும்? அவர் கேட்டது நேரான கேள்வி. எலிப்பொறியில் பலகை, ஸ்பிரிங், கம்பி, ஏதாவது ஒன்றை எடுத்தாலும் எலி மாட்டாது. பாக்டீரியாவின் அந்த வாலில், அதாவது கசையிழையில், ஏறக்குறைய 40 புரதம். பாதி மோட்டார் ஓடாது. ஓடாத மோட்டாரை இயற்கைத் தேர்வு ஏன் காப்பாற்றி வைக்கும்? பம்பு அண்ணனே சொல்லட்டும், பாதி மோட்டாரை யார் வாங்குவார்கள்?

ஜூனியர் வக்கீல் | இரவு 11:15

ஜன்னல் சார், முதல் விஷயம் உண்மைதான். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இரு தரப்பும் முன்மொழிவு கொடுப்பதும், நீதிபதி தமக்குச் சரியென்று பட்டதை அதிலிருந்து எடுத்தாள்வதும் அங்கே வழக்கமான நடைமுறை. வாரியத் தரப்பும் கொடுத்தது. வேறு வார்த்தையில் எழுதியிருந்தால் எனக்கும் திருப்தியாக இருந்திருக்கும் என்பதை மறைக்கவில்லை.

இரண்டாவது வாத்தியாருக்கு.

விலங்கியல் வாத்தியார் | காலை 6:40

பாதி மோட்டாரை யார் வாங்குவார்கள்? மோட்டாராக வாங்க மாட்டார்கள். பிளேக் கிருமியைப் பாருங்கள். அதன் உடலில் ஊசி போல ஓர் அமைப்பு உண்டு, நம் செல்லுக்குள் நஞ்சை ஏற்ற. அந்த ஊசியின் அடிப்பாகத்தில் உள்ள சுமார் பத்துப் புரதங்கள் கசையிழையின் அடிப்பாகத்துப் புரதங்களுக்கு உறவு. அதாவது கசையிழையின் மற்ற உறுப்புகள் இல்லாமலே அந்தப் பகுதிக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது. வாதிகளின் முதல் சாட்சியான உயிரியலாளர் கென்னத் மில்லர் இதைத்தான் விளக்கினார். எலிப்பொறியில் இரண்டு உறுப்பைக் கழற்றிவிட்டு மிச்சத்தை டை கிளிப்பாக மாட்டிக்கொள்ளலாம் என்பது அவருடைய பிரபலமான வேடிக்கை.

ஜன்னல் அடுத்து என்ன கேட்பார் என்று தெரியும். ஊசி முதலில் வந்ததா, கசையிழை முதலில் வந்ததா? ஊசிதான் பின்னால் வந்திருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே "ஊசியிலிருந்து கசையிழை வந்தது" என்று நம் ஆட்கள் எழுதுவது அவசரம். ஆனால் "ஒரு பாகம் குறைந்தாலும் எதற்கும் உதவாது" என்ற வாதத்தை உடைக்க வரிசை தேவையே இல்லை. குறைந்தும் உதவுகிறது, கண்ணெதிரே.

குறுக்கு விசாரணையைப் படித்தால் இன்னும் தெளியும். நோய் எதிர்ப்பு அமைப்பு எப்படிப் பரிணமித்தது என்பதற்கு அறிவியலில் விடையே இல்லை என்று பீஹி எழுதியிருந்தார். வாதிகளின் வக்கீல் எரிக் ராத்ஸ்சைல்ட் 58 ஆய்வுக் கட்டுரைகளைக் கொண்டுவந்தார், கூடவே புத்தகங்களும். சாட்சிக் கூண்டில் இருந்த பீஹியின் முன்னால் அவை குவிந்தன. இவை போதாது என்றார் பீஹி. தமது வரையறைப்படி சோதிடமும் ஓர் அறிவியல் கோட்பாடாகத் தேறும் என்பதையும் அங்கேதான் ஒப்புக்கொண்டார். பஞ்சாங்கம் பார்க்கிற என் வீட்டம்மாவுக்கு இதைச் சொன்னபோது ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

வல்வெட்டி வாசகி | காலை 8:22

வாத்தியார் ஐயா, மில்லரின் சாட்சியத்தில் எனக்குப் பிடித்த பகுதியை விட்டுவிட்டீங்கள். எங்கட ஊர்ப் பாடப்புத்தகச் சொல்லில் எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

மனிதருக்கு நிறமூர்த்தங்கள், அதுதான் குரோமோசோம், 23 சோடி. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் எல்லாத்துக்கும் 24. பொது மூதாதை உண்மையெண்டால் ஒரு சோடி எங்கே போனது? முழுசாத் தொலைஞ்சிருந்தால் நாங்கள் உயிரோட இருக்கமாட்டம். அப்ப ரெண்டு ஒட்டியிருக்க வேணும். ஒட்டியிருந்தால் அதுக்குத் தழும்பு இருக்க வேணும். நிறமூர்த்தத்தின் நுனியில மட்டும் வாற ஒரு தொடர் நடுவில கிடக்க வேணும், மையப்பகுதியும் ஒண்டுக்குப் பதிலா ரெண்டாத் தெரிய வேணும்.

எங்கட இரண்டாம் நிறமூர்த்தத்தில அப்படியே இருக்கு. நுனித்தொடர் நடுவில, தலைக்குத் தலை முட்டினபடி. ரெண்டாவது மையப்பகுதி செயலிழந்து தடயமாக் கிடக்கு. இது இல்லாமல் இருந்திருந்தால் கூர்ப்புக்குப் பெரிய சிக்கல் வந்திருக்கும். அப்படி ஒரு பரீட்சைக்கு வடிவமைப்பு எப்பவாவது உட்கார்ந்திருக்கா?

நைட் ஷிப்ட் | காலை 8:30

அக்கா, கூர்ப்புன்னா?

வல்வெட்டி வாசகி | காலை 8:34

நீங்கள் பரிணாமம் எண்டு சொல்லுறது. நாங்கள் ஓஎல் வகுப்பிலயே கூர்ப்பு எண்டுதான் படிச்சது. கூர்ந்து வருதல். உங்கட சொல்லைவிட எங்கட சொல்லு வடிவு, ஒத்துக்கொள்ளுங்கோ.

திறந்த ஜன்னல் | காலை 9:10

வாசகி அம்மா, சொல் அழகுதான். ஆனால் பீஹி பொது மூதாதையை மறுப்பவர் அல்ல. வெறும் தற்செயலும் தேர்வும் போதாது, வழிகாட்டல் இருந்திருக்கும் என்பதுதான் அவர் கட்சி. நிறமூர்த்தம் ஒட்டியது அவரை ஒன்றும் செய்யாது. வடிவமைப்பாளர் ஒரே பாகத்தைப் பல இடத்தில் பயன்படுத்தலாம், ஒட்டலாம், வெட்டலாம்.

பரீட்சை என்கிறீர்களே, பீஹி ஒன்று எழுதியே வைத்திருக்கிறார். கசையிழை இல்லாத பாக்டீரியாவை எடுத்து, நகர்ந்தால்தான் பிழைக்கும் என்ற நெருக்கடியில் 10,000 தலைமுறை வளர்த்துப் பாருங்கள், கசையிழை வருகிறதா என்று. செய்யுங்களேன்.

விலங்கியல் வாத்தியார் | காலை 9:47

அதையும் கூண்டில் பீஹியிடம் கேட்டார்கள் ஐயா. நீங்கள் செய்தீர்களா? இல்லை. உங்கள் அணியில் யாராவது? இல்லை.

மற்றவர்கள் செய்தது இருக்கிறது. 1988ல் ரிச்சர்ட் லென்ஸ்கி 12 குடுவைகளில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவை வளர்க்கத் தொடங்கினார். சுமார் 31,500 தலைமுறைக்குப் பிறகு ஒரு குடுவையில் மட்டும் பாக்டீரியா ஆக்சிஜன் இருக்கும்போதே சிட்ரேட்டைச் சாப்பிடப் பழகியது. சாதாரண ஈ.கோலைக்கு அது வராது. 2015ல் வேறொரு குழு, கசையிழையை இயக்கிவைக்கும் தலைமைச் சுவிட்ச் மரபணுவை ஒரு மண் பாக்டீரியாவில் நீக்கிவிட்டுப் பட்டினி போட்டது. 96 மணி நேரத்துக்குள் அது மறுபடி கசையிழையோடு நகர்ந்தது. நைட்ரஜன் வேலை பார்த்த இன்னொரு சுவிட்ச் திரிந்து இந்த வேலைக்கு வந்துவிட்டது. கசையிழைப் பாகங்களின் மரபணுக்கள் அங்கே பத்திரமாக இருந்தன, சுவிட்ச் மட்டும்தான் புதுசு. ஆகவே இதைக் காட்டி "கசையிழை புதிதாக உருவானது" என்று யாராவது சொன்னால் அது பொய், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு பூசை | காலை 10:05

இங்கே நாத்திகர் ஆத்திகர் என்று கோடு கிழிபடும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். மில்லர் கத்தோலிக்கர், என்னைப் போல. வாதிகள் தரப்பில் ஜான் ஹாட் என்ற இறையியலாளரும் சாட்சி சொன்னார். அவர் சொன்ன உதாரணம் இது: அடுப்பில் தண்ணீர் ஏன் கொதிக்கிறது? மூலக்கூறுகள் அசைவதால். எரிவாயுவை யாரோ பற்றவைத்ததால். எனக்குத் தேநீர் வேண்டும் என்பதால். மூன்றும் சரிதான், ஒன்று மற்றொன்றைத் தள்ளாது. ஆனால் இயற்பியல் வகுப்பில் மூன்றாவது விடையை எழுதினால் மதிப்பெண் கிடையாது. என் கடவுளைக் கசையிழையின் இடுக்கில் ஒளித்துவைத்து, ஆய்வுக்கூடக்காரர் அந்த இடுக்கையும் துடைத்துவிட்டால் நான் எங்கே போவேன்?

பீளமேடு பம்பு | மதியம் 1:26

எல்லாத்தையும் படிச்சேன். காலையில பட்டறையில ஒண்ணு நடந்தது, சொல்லிடறேன்.

பழைய 5 ஹெச்பி மோனோபிளாக் ஒண்ணு ரிப்பேருக்கு வந்திருக்கு. கழட்டும்போது பாடியில பேரிங் பக்கத்துல ஒரு பாஸ் கண்ணுல பட்டது. துளை போடாத மேடு. எதுக்கும் உதவாது, இரும்புதான் தண்டம். ஃபவுண்டரிலேர்ந்து வந்திருந்த மேஸ்திரி பாத்துட்டுச் சொன்னார், "முந்தின மாடலுக்கு அந்த இடத்துல ஆயில் கப் வரும். கிரீஸ் பேரிங் மாத்தினதும் துளை போடறதை விட்டாச்சு. வார்ப்பு எடுக்கிற மரப் பேட்டர்னை யாரு மாத்தறது?"

22 வருஷமா அந்த மேட்டைத் தடவிட்டு இருக்கேன், இப்பத்தான் அது என்னன்னு தெரியுது. உடம்புலயும் இந்த மாதிரி மேடு இருக்கா வாத்தியாரே?

விலங்கியல் வாத்தியார் | மதியம் 2:03

ஆடு வைட்டமின் சி-யைத் தன் கல்லீரலிலேயே செய்துகொள்ளும், அதற்கு நெல்லிக்காய் வேண்டாம். நமக்கு வேண்டும். ஆனால் அதைச் செய்யும் மரபணு நம்மிடமும் இருக்கிறது, பழுதாகி. சிம்பன்சியிடமும் குரங்குகளிடமும் அதே மரபணு பழுதாகியிருக்கிறது. கினிப் பன்றியிடமும் பழுது, ஆனால் அது வேறு விதமாக உடைந்திருக்கிறது. உங்கள் துளை போடாத பாஸ் இதுதான் தம்பி.

திறந்த ஜன்னல் | மதியம் 2:20

அருமையான உதாரணம், ஆனால் எனக்குத்தான் சாதகம். அந்த மரப் பேட்டர்னைச் செய்ததும் ஒரு ஆள்தானே?

பீளமேடு பம்பு | மாலை 4:51

நல்லா மடக்கினீங்க. டீ குடிக்கிற வரைக்கும் அதையே நினைச்சிட்டு இருந்தேன்.

ஆள்தான். ஆனா அந்த ஆளை எனக்குத் தெரியும் சார். மரம் என்ன விலை, பேட்டர்ன் மாத்த எத்தனை நாள், ஓனர் எவ்வளவு கஞ்சம், எல்லாம் தெரியும். அதை வெச்சுத்தான் அந்த மேடு ஏன் இருக்குன்னு மேஸ்திரியால சொல்ல முடிஞ்சது. ஆளைத் தெரிஞ்சதால மேட்டை விளக்க முடியுது. உங்காளு வடிவமைப்பாளர் யாரு, எப்ப வந்தார், எதால செஞ்சார், எது அவரால முடியாது, எதுவும் சொல்ல மாட்டேங்கிறார். மேடு இருந்தா அது அவர் இஷ்டம், இல்லாட்டி அதுவும் அவர் இஷ்டம். அப்படி ஒரு காரணத்தை நான் சர்வீஸ் ரிப்போர்ட்ல எழுதினா கஸ்டமர் அடிக்க வருவான்.

வீடியோ பாத்தப்ப மோட்டார்னு தோணினதுக்குக் காரணமே நான் மோட்டார் செய்யறவங்களோட இருக்கிறதுதான் போல. என் கேள்விக்கு வக்கீல் தம்பி சொன்ன பதில் போதும் எனக்கு. நீதிபதி சொல்லலேன்னாலும் 58 கட்டுரைக்கு முன்னால வெறுங்கையோட உக்காந்திருந்தது மாறாது.

ஜூனியர் வக்கீல் | மாலை 5:30

ஒரு சின்ன எச்சரிக்கை. இது மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு, அந்த வழக்கின் தரப்பினரை மட்டும்தான் கட்டுப்படுத்தும், மற்ற நீதிமன்றங்களை அல்ல. மேல்முறையீடு வரவில்லை. விசாரணை முடிந்த நான்காம் நாள் நடந்த தேர்தலில் போட்டியிட்ட எட்டு வாரிய உறுப்பினர்களும் தோற்றுப் போனார்கள், புது வாரியம் சுமார் 10 லட்சம் டாலர் வழக்குச் செலவைக் கட்டிவிட்டு ஒதுங்கியது. ஜோன்ஸ் பயன்படுத்திய லெமன் சோதனையை, அதாவது அரசின் செயலுக்கு மத நோக்கமோ மத விளைவோ உண்டா என்று பார்க்கும் அளவுகோலை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022ல் கைவிட்டும் விட்டது. அதே வழக்கு இன்று வந்தால் சட்டப் பகுதியை வேறு மாதிரிதான் வாதாட வேண்டும்.

பம்பு அண்ணே, உங்க அக்கா பையன் சிபிஎஸ்இ-யா?

பீளமேடு பம்பு | மாலை 5:41

ஆமா, ஏன்?

ஜூனியர் வக்கீல் | மாலை 5:52

2023ல் வந்த என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் பரிணாமப் பகுதி இல்லை. பாடச் சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். 1,800 பேருக்கு மேல் அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பாடம் இருக்கிறது, ஆனால் உயிரியல் எடுத்தவர்களுக்குத்தான். உங்க பையன்?

பீளமேடு பம்பு | மாலை 5:55

கம்ப்யூட்டர் சயின்ஸ்.

திறந்த ஜன்னல் | மாலை 6:18

ஆளைத் தெரிந்ததால் மேட்டை விளக்க முடிகிறது என்று பம்பு அண்ணன் சொன்னதற்கு என்னிடம் இப்போதைக்குப் பதில் இல்லை, யோசித்துவிட்டு வருகிறேன். ஆனால் முதல் செல்? அதற்கு முந்தைய பேட்டர்னே கிடையாதே!

விலங்கியல் வாத்தியார் | மாலை 6:25

அது பரிணாமக் கேள்வி அல்ல, வேதியியல் கேள்வி, பாதிக்கு மேல் இன்னும் திறந்தே கிடக்கிறது. தனி இழை திறங்கள். காலையில் வாக்கிங் முடித்துவிட்டு வருகிறேன்.

பீளமேடு பம்பு | இரவு 8:09

இந்த இழையோட லிங்க்கை அக்கா பையனுக்கு அனுப்பினேன். முழுசாப் படிச்சானான்னு தெரியல. "மாமா, அந்த பாஸ் போட்டோ இருந்தா அனுப்பு"ன்னு பதில் வந்திருக்கு. நாளைக்குப் பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னால எடுத்துடணும்.